காலராவையும் பிளேக்கையும் எதிர்த்து நின்ற ஹாஃப்கின்



மும்பையில் வசிக்கும் நம்மவர்களுக்குப் பரேலில் உள்ள ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் தெரியாமல் இருக்காது. கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கும் டாடா கேன்ஸர் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போயாக வேண்டும். ஆனால் மாதுங்காவிலும் செம்பூரிலும் நாற்பது வருஷம் குடியிருந்தவர்களைக் கேட்டால்கூட, பாம்புக்கடி மருந்து தயாரித்த இடம் என்று சொல்வார்களே தவிர, ஹாஃப்கின் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று சொல்பவர்கள் குறைவு. அவர் இந்த தேசத்தில் என்ன செய்தார், இந்த தேசத்தின் அரசாங்கம் அவரை என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். டாக்டர் அல்ல. ஹாஃப்கினும் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல, விலங்கியல் படித்தவர். (ஒப்பிடுவது அதோடு சரி!) அவர் மருத்துவர் இல்லை என்பதே பிற்காலத்தில் அவருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

வால்டெமார் ஹாஃப்கின் 1860 மார்ச் 15 அன்று, அப்போது ரஷ்ய சாம்ராஜ்யத்தில் இருந்த ஒடெஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. ஒடெஸா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் இலியா மெச்னிகோவ். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்று கண்டுபிடித்து, 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். யூதர்களை வீடு புகுந்து தாக்குவது அந்த நாட்டில் சகஜமாக இருந்த காலம் அது. மாணவர் ஹாஃப்கின் தன் மக்களைக் காக்க முன்னின்று, அடிபட்டு, கைதும் ஆனார். மெச்னிகோவ் தலையிட்டதால் வெளியே வந்தார். படிப்பில் முதல்தரமாக இருந்தும் பேராசிரியர் பதவி கிடைக்க வேண்டுமானால் மதம் மாற வேண்டும் என்ற நிலை. அவர் மாறவில்லை. பதவியும் வரவில்லை.

1888-ல் ஜெனீவா போனார். மறு வருஷம் பாரிஸில் லூயி பாஸ்டர் நிறுவிய இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். அங்கே மெச்னிகோவ் ஏற்கெனவே இருந்தார். ஆனால் காலியாக இருந்த வேலை நூலகத்தில்தான். பகலில் புத்தகம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் சோதனைச்சாலையில் வேலை செய்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட விஷயம் காலரா.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் உறுதி செய்திருந்தார். 1885-ல் ஸ்பெயினில் ஃபெரான் என்பவர் காலராவுக்கு ஊசி போட்டுப் பார்த்து, அது ஒரே சர்ச்சையாக முடிந்திருந்தது. ஹாஃப்கின் வேறு வழியில் போனார். கிருமியைக் கினிப்பன்றிகளின் உடலில் ஒன்றிலிருந்து மற்றொன்றாகச் செலுத்தி அதன் வீரியத்தை ஒரே அளவுக்கு உயர்த்தினார். வேறொரு பகுதியை வெப்பத்தில் வளர்த்து வீரியத்தைக் குறைத்தார். முதலில் வீரியம் குறைந்ததைப் போட்டு உடம்பைப் பழக்கி, சில நாள் கழித்து வீரியம் கூடியதைப் போடுவது அவருடைய முறை. 1892 ஜூலை 18 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்து போயின.

சோதனைச்சாலையில் முயல் பிழைத்தது, கினிப்பன்றி பிழைத்தது என்றால் போதாது. நோய் நிஜமாகவே வருஷா வருஷம் வரும் ஜனங்களிடையே போட்டுப் பார்த்தால்தான் ஒரு தடுப்பு மருந்தின் யோக்கியதை தெரியும். ஹாஃப்கின் சயாம் போக நினைத்தார். பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃபரின் பிரபு, முன்பு நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்தவர். அவர் இந்தியாவுக்குப் போகும்படி யோசனை சொன்னார். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

ஊசி என்றாலே பயம். போடுகிறவர் அந்நியர், மருத்துவரும் இல்லை, ரஷ்யாக்காரர் வேறு. உளவாளியோ என்று ஆங்கிலேய அதிகாரிகளுக்கே சந்தேகம். ஏப்ரலில் ஆக்ராவில் ஆரம்பித்து, முதல் வருஷத்தில் வட இந்தியா பூராவும் சுற்றி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டார். ஆனால் புள்ளிவிவரம் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. ஊசி போட்ட ஊரில் அந்த வருஷம் காலரா வராமல் போய்விட்டால் ஊசியின் பலனை எப்படிச் சொல்வது?

பதில் கல்கத்தாவின் குடிசைப் பகுதியில், அங்கே பஸ்தி என்று சொல்வார்களே, அங்கே கிடைத்தது. 1894-ல் நகர சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் சிம்ப்ஸன் அவரை அழைத்தார். கட்டால் பகான் பஸ்தியில் எல்லோரும் ஒரே குளத்துத் தண்ணீரைப் புழங்கினார்கள். மார்ச் கடைசியில் அங்கே இருவர் காலராவில் இறந்தார்கள். சுமார் இருநூறு பேர் இருந்த அந்த இடத்தில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் நோய் தொடர்ந்து, ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். ஒரே தண்ணீர், ஒரே சந்து, ஒரே சாப்பாட்டு முறை. வித்தியாசம் ஊசி ஒன்றுதான்.

பஸ்தியில் வேலை சுலபமாக நடக்கவில்லை. ஒரு சமயம் ஜனங்கள் கல்லெறிந்தார்கள். அவர் ஓடவில்லை, போலீஸையும் கூப்பிடவில்லை. கூட்டத்தின் முன்னாலேயே ஊசி போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்துப் பலர் முன்வந்தார்கள். கூடவே இருந்து உதவியவர்கள் சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்ற வங்காளி மருத்துவர்கள். ஜனங்களின் பாஷையில், அவர்களுக்குத் தெரிந்த முகங்கள் பேசியதுதான் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார். காலராவோடு போராட வந்தவரை மலேரியா பிடித்துக்கொண்டது. 1895-ல் உடம்பு தேற ஐரோப்பா போய், 1896-ல் திரும்பி வந்தார். அதற்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டாகிவிட்டது.

அந்த வருஷம் செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் டாக்டர் வீகஸ் என்ற கோவாக்காரர் பிளேக்கை அடையாளம் கண்டார். துறைமுகத்துத் தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி அது. எலிகளுக்குக் குறைவில்லை. ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ரயில் ஏறினார்கள். பிளேக்கும் கூடவே ஏறியது. அரசாங்கம் ஹாஃப்கினைப் பம்பாய்க்கு அனுப்பியது. அக்டோபரில் வந்தவருக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஸ்டாஃப் பலத்தின் அர்த்தம் புரியும்! இதை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் பிளேக்குக்குத் தடுப்பு மருந்து செய்தார்.

அவர் செய்த விதத்தை நம் வீட்டுப் பெண்மணிகளும் ரசிப்பார்கள். பிளேக் கிருமியை வளர்க்கும் சாற்றின் மேல் சில துளி நெய்யோ தேங்காயெண்ணெயோ மிதக்க விட்டார். கிருமிகள் அந்த நெய்த் துளியைப் பிடித்துக்கொண்டு விழுதுகள் போலக் கீழே தொங்கி வளர்ந்தன. குலுக்கினால் விழுதுகள் அறுந்து அடியில் படியும். மறுபடி புதிதாகத் தொங்கும். போதுமான அளவு சேர்ந்ததும் சூடுபடுத்திக் கிருமிகளைக் கொன்றுவிடுவார். ஆக, இது செத்த கிருமி மருந்து. நோயைக் கொண்டுவராது, ஆனால் நோயின் அடையாளத்தை உடம்புக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

1897 ஜனவரி 10 அன்று, மற்றவர்களுக்குக் கொடுக்க நினைத்ததைப் போலப் பல மடங்கு அளவைத் தன் உடம்பில் செலுத்திக்கொண்டார். கடும் காய்ச்சலோடு வேலை பார்த்தார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா ஜெயிலில் பிளேக் வந்தது. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தார்கள். மறுநாள் முதல் நேர்ந்த மரணங்கள் எல்லாம் போட்டுக்கொள்ளாதவர் பக்கமே நேர்ந்தன.

மூன்றாம் ஆகாகான் தானே பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு தம் சமூகத்தாரையும் போட்டுக்கொள்ளச் செய்தார். தமக்குச் சொந்தமான குஷ்ரு லாட்ஜ் என்ற கட்டடத்தையும் சோதனைச்சாலைக்குக் கொடுத்தார். ஒரு சமூகத்தின் பெரியவர் முதலில் கையை நீட்டினால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள். 1899-ல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகை பிளேக் ஆராய்ச்சிக் கூடமாக மாறியது. ஹாஃப்கின் அதன் தலைவர்.

அதே காலத்தில் அரசாங்கம் வேறொரு முகத்தையும் காட்டியது. 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பூனாவில் பிளேக் அதிகாரி ராண்டின் கீழ் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, பூஜையறை, சமையலறை என்று பாராமல் சோதனை போட்டு, பெண்களை அவமானப்படுத்தினார்கள் என்று ஊரே கொதித்தது. அந்த ஜூனில் சாபேகர் சகோதரர்களின் துப்பாக்கிக்கு ராண்ட் இரையானார். ஹாஃப்கின் ஊசியைக் கட்டாயமாக்கவில்லை. தானாக வந்தவர்களுக்கே போட்டார். இரண்டு வழியில் எதை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சட்டம் 2020-ல் கொரோனா வந்தபோதும் நம் நாட்டில் பயன்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1898 பிப்ரவரியில் பரோடா சமஸ்தானத்து உந்தேரா கிராமத்தில், அதிகாரிகள் முன்னிலையில், ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி போட்டு, பாதிப் பேரை அப்படியே விட்டார். பின்னர் பிளேக் கண்ட குடும்பங்களில் ஊசி போட்டவர்கள் 71 பேர், அவர்களில் இறந்தவர்கள் 3. போடாதவர்கள் 64 பேர், அவர்களில் இறந்தவர்கள் 26. விஞ்ஞானம் படித்தவனாக இந்தக் கணக்கைப் பார்த்தால் இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டாம். குடும்பஸ்தனாகப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. அந்த 26 பேரும் யாரோ ஒருவருடைய தாயார், பிள்ளை, மாட்டுப்பெண். அண்ணாவுக்குப் போட்டு, தம்பியை விட்டது எந்த நியாயம் என்று அந்த வீட்டில் யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வது?

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. பலன் உண்டா, இல்லையா என்று அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பாதிப் பாதி ஒப்பீடு இல்லாவிட்டால், சந்தேகப்படும் அதிகாரிகள் கடைசிவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். இன்னும் பல ஊர்கள் ஊசியில்லாமல் மடிந்திருக்கும். இன்றைய விதிகள் கடுமையானவை. என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து என்று ஜனங்களின் பாஷையில் எடுத்துச் சொல்லி, சம்மதம் எழுதி வாங்கி, நெறிமுறைக் கமிட்டியின் அனுமதியோடுதான் செய்ய முடியும். ஜெயில் கைதி தானாக முன்வந்தான் என்பதை இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது சரியான மாற்றம்தான்.

இனி அவர் வாழ்க்கையின் கசப்பான அத்தியாயம். 1902-ல் பஞ்சாபில் பெரிய அளவில் பிளேக் ஊசி போட ஏற்பாடாகி, மருந்துக்கு ஏகப்பட்ட தேவை வந்தது. அக்டோபர் 30 அன்று மல்கோவால் என்ற கிராமத்தில் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) ஐந்து பாட்டில்களிலிருந்து 107 பேருக்குப் போட்டார்கள். சுமார் ஒரு வாரத்தில் 19 பேருக்கு டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி கண்டது. 19 பேரும் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் போட்டது ஒரே பாட்டிலில் இருந்த மருந்து. மற்ற நான்கு பாட்டில்கள் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி ஜென்கின்ஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. பாட்டிலைக் கிராமத்தில் திறக்கும் முன்பே, அதாவது பரேலிலேயே, விஷம் கலந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. உற்பத்தியைத் துரிதப்படுத்த ஹாஃப்கின் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டு, வெப்பத்தை நம்பும் முறைக்கு மாறியிருந்தார். பாரிஸில் ஏற்கெனவே கையாண்ட முறைதான். ஆனாலும் அதையே குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். பதவியிலிருந்து விலக்கப்பட்டு, அவர் இந்தியாவை விட்டுப் போனார். விசாரணை ஆவணங்கள் 1906 கடைசியில்தான் வெளியே வந்தன.

என் உத்தியோக காலத்தில் சில விசாரணை ஃபைல்களைப் படித்துக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தில் இந்த வழக்கைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, கிராமத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதை நெருப்பில் காட்டாமல், மருந்துத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, அதே இடுக்கியால் கார்க்கை எடுத்தார். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு, பாட்டில் நிரப்பி ஆறு வாரம் போல ஆகியிருந்தது. அப்போதே டெட்டனஸ் கிருமி உள்ளே இருந்திருந்தால் அது வளர்ந்து, திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும். ஊசி போட்ட டாக்டர் எந்த நாற்றமும் இல்லை என்றார். மூன்று, அதே மருந்தை நிரப்பிய மற்ற பாட்டில்கள் நன்றாகவே இருந்தன. இவ்வளவும் ரிக்கார்டில் இருக்கும்போதே முடிவு வேறு பக்கம் போயிற்று. பெரிய அதிகாரி ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்திவிட்டால் ஃபைல் மூடிவிடும் என்ற அவசரம் எந்தக் காலத்திலும் உண்டு. அந்த அதிகாரி அந்நியராகவும், மருத்துவ சர்வீஸைச் சேராதவராகவும் இருந்தால் இன்னும் சௌகரியம்.

அவருக்காக வாதாட முன்வந்தவர் ரொனால்ட் ராஸ். செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்து, 1902-ல் நோபல் பரிசு பெற்றவர். ஆவணங்களைப் படித்துவிட்டு, 1907-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் விடாமல் எழுதினார். ஒரு விஞ்ஞானிக்கு அநியாயம் நடந்தது மட்டுமல்ல, பரேலின் மருந்தில் விஷம் என்ற பொய் நிலைத்துவிட்டால் ஜனங்கள் ஊசியை மறுத்து லட்சக்கணக்கில் சாவார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். அந்த ஜூலையில் பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் வெளியாயிற்று. நவம்பரில் அரசாங்கம் குற்றச்சாட்டைக் கைவிட்டு, அவரைத் திரும்ப அழைத்தது.

அவர் வந்தார். ஆனால் பரேலில் அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் ஒரு சோதனைச்சாலை கொடுத்தார்கள். ஜனங்களிடையே புதிய மருந்தைப் போட்டுப் பார்க்க அனுமதி இல்லை. ஆராய்ச்சியாளரை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைப் பூட்டி வைத்தது போலத்தான். 1914-ல் ஓய்வு பெற்று ஐரோப்பா போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் தம் முன்னோரின் ஆசாரங்களைச் சிரத்தையாகக் கடைப்பிடித்து, சொத்தை யூத சமயப் பாடசாலைகளுக்காக ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 1930 அக்டோபர் 26 அன்று ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரில் காலமானார்.

பரேல் கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். அதுவரை அங்கிருந்து வெளியே போன பிளேக் மருந்து சுமார் இரண்டு கோடியே அறுபது லட்சம் டோஸ். அதே பிளேக் நம் நாட்டில் கொண்டுபோன உயிர்கள் ஒரு கோடிக்கும் மேல். 1964-ல் சுதந்திர இந்தியா அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. பிளேக்குக்கு இப்போது நல்ல மருந்துகள் உண்டு. 1994-ல் சூரத்தில் பிளேக் பயம் வந்தபோது ஜனங்கள் ரயிலேறி ஓடினாலும், மருந்தால் சீக்கிரம் கட்டுப்படுத்த முடிந்தது.

கல்கத்தாக் கதை அங்கேயே நிற்கவில்லை. 2006-ல் அதே நகரத்துக் குடிசைப் பகுதிகளில் சுமார் 67,000 பேரிடம், வாயால் குடிக்கும் காலரா தடுப்பு மருந்தைச் சோதித்தார்கள். கொல்லப்பட்ட கிருமிகளால் ஆன மருந்துதான். யாருக்கு மருந்து, யாருக்கு அந்த மருந்து அல்லாதது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது; சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஐந்து வருஷம் கழித்தும் 65 சதவீதம் பாதுகாப்பு இருந்தது. விலை குறைவாக இருந்ததால் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்று, காலரா பரவும் ஏழை நாடுகளுக்கு அனுப்பியது. கட்டால் பகானில் 116 பேரோடு ஆரம்பித்த வேலையின் தொடர்ச்சி இது.

மும்பைக்குப் போகும் அங்கத்தினர்கள், முடிந்தால் பேரன் பேத்திகளோடு பரேல் பக்கம் போய் அந்தப் பழைய மாளிகையை வெளியிலிருந்தாவது பார்த்து வாருங்கள். நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் குழந்தைகளுக்கும் போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். பயந்தால் கோபிக்காமல் விளக்குங்கள். தேவையானால் கூடவே போய் வாருங்கள்.